1,000 எழுத்துகள், 500 பேர்... யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழி!

பொஸ்டிபிர், கின்போஸ்லான், இல்க்டோ.

இந்த மூன்று வார்த்தைகளையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏதோ ஸ்பானிஷ் படத்தின் கதாபாத்திரப் பெயர்கள் மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால், ஸ்பெயினில் பிறந்து வளர்ந்தவரிடம் போய்ச் சொன்னாலும் புரியாது. பிலிப்பைன்ஸ்காரர்களில் பெரும்பாலானோருக்கும் புரியாது. முதல் வார்த்தைக்கு விலாங்கு மீன் என்று அர்த்தம். இரண்டாவது, முகம். மூன்றாவது, முழங்கால்.

இது எஸ்காயன் மொழி. பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவில், மலைக்காட்டுக் கிராமங்களில் வாழும் எஸ்காயா மக்களின் மொழி. எலும்பும் சதையும் பிலிப்பைன்ஸ் மண்ணுடையது, மேலே போட்டிருக்கும் சட்டை மட்டும் ஐரோப்பிய பாணி. உலகத்தில் ஒரு குழந்தைகூட இதைத் தாய்மொழியாகப் பேசி வளர்வதில்லை. அப்படியிருந்தும் மூன்று தலைமுறைக்கு மேலாக உயிரோடு இருக்கிறது.

காரணம், இது தானாக வளர்ந்த மொழி இல்லை. உட்கார்ந்து யோசித்துச் செய்த மொழி!

மொழியைச் செய்ய முடியுமா?

ஏன் முடியாது? சின்ன வயதில் 'க' பாஷை பேசாதவர்கள் நம்மில் யார்? ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' போட்டு, பெரியவர்களுக்குப் புரியாமல் ரகசியம் பேசியது ஞாபகம் இருக்கும். அதுவே ஒரு குட்டி மொழித் தயாரிப்புதான். இலக்கணமும் வார்த்தைகளும் தமிழ், மேலே மட்டும் ஒரு முகமூடி.

பெரியவர்கள் இதையே சீரியஸாகச் செய்திருக்கிறார்கள். போலந்து நாட்டு கண் மருத்துவர் சாமென்ஹோஃப் 1887-ல் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். உலகத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் எளிய மொழி வேண்டும் என்பது அவர் கனவு.

அப்புறம் குட்டி நாடுகள் இருக்கின்றன. 'இது என் நாடு' என்று யாரோ அறிவிப்பார்கள், ஐ.நா சபை கண்டுகொள்ளாது, ஆனாலும் கொடி, தபால்தலை, அரசியல் சட்டம் எல்லாம் இருக்கும். 1979 டிசம்பரில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுப் பையன், தன் படுக்கையறையைத் தனி ராஜ்ஜியமாக அறிவித்தான். பெயர் டலோசா. ஃபின்னிஷ் மொழியில் 'வீட்டுக்குள்ளே' என்று அர்த்தம்! அடுத்த வருடமே தன் ராஜ்ஜியத்துக்கு ஒரு மொழியும் செய்தான். ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியன் போல லத்தீன் குடும்பச் சாயலில் இருக்கும் மொழி அது. இன்றும் அதற்கு அகராதி இருக்கிறது, ஆர்வலர்கள் இருக்கிறார்கள்.

1968-ல் இத்தாலிய இன்ஜினீயர் ஜார்ஜோ ரோசா, ரிமினி நகருக்கு அருகே கடலுக்குள் 400 சதுர மீட்டர் மேடை ஒன்றைக் கட்டி, 'ரோஜா தீவு' என்று தனி நாடாக அறிவித்தார். ஆட்சி மொழி எஸ்பெராண்டோ. மறு வருடமே இத்தாலிய அரசு வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம் மூலம் இந்தக் கதை பலருக்குத் தெரியும்.

இவையெல்லாம் பாதி விளையாட்டு, பாதி கனவு. பொஹோலில் நடந்தது விளையாட்டே இல்லை. அங்கே போருக்குப் பிறகு, ஒரு சமூகம் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள ஒரு மொழியைச் செய்தது.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

பிலிப்பைன்ஸ் டூர் பேக்கேஜ் பார்த்திருந்தால், பொஹோல் என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கும். 1,200-க்கும் மேற்பட்ட உருண்டை உருண்டையான குன்றுகள் வரிசையாக நிற்குமே, சாக்லேட் ஹில்ஸ்... அது இங்கேதான். உள்ளங்கையில் அடங்கும், முட்டைக் கண் டார்சியர் குரங்கைப் பார்க்கப் போவதும் இங்கேதான்.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் கடற்கரையையும் அந்தக் குன்றுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தீவின் தென்கிழக்கில், காடு அடர்ந்த மேட்டுப்பகுதியில் எஸ்காயா கிராமங்கள் இருக்கின்றன. கிண்டுல்மான் வட்டாரத்தில் உள்ள பியாபாஸ்தான் மூல ஊர். 1951-ல் துவேரோ வட்டாரத்தின் தாய்தாயில் இரண்டாவது குடியிருப்பு உருவானது.

இவர்கள் வீட்டில் பேசுவது விசயன் மொழி. பொஹோல் தீவில் எல்லாரும் பேசும் மொழியும் அதுதான். தலைநகர் மணிலா பக்கம் பேசும் தகலோகுக்கு இது நெருங்கிய சொந்தம். எஸ்காயன் மொழி வீட்டுப் பேச்சுக்கு அல்ல. பிரார்த்தனை, பாட்டு, முறையான உரை, தங்கள் பழங்கதைகளைப் படிப்பது, பிரதி எடுப்பது... இதற்கெல்லாம்தான். தெரிந்தவர்கள் சுமார் 500 பேர்.

'கொமோ எஸ்தா'வும் 'குமுஸ்தா'வும்

இந்த மொழியில் ஏன் ஸ்பானிஷ் வாசனை அடிக்கிறது? அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

1565-ல் ஸ்பானிஷ் தளபதி லெகாஸ்பி இதே பொஹோல் தீவுக்கு வந்தார். உள்ளூர்த் தலைவர் சிகாதுனாவும் அவரும் கையைக் கீறி, ரத்தத்தை மதுவில் கலந்து குடித்து நட்பு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த நட்பு, 333 வருட ஆட்சியாக முடிந்தது.

ஆனால், ஸ்பானிஷ்காரர்கள் தங்கள் மொழியை எல்லாருக்கும் சொல்லித்தரவில்லை. பாதிரியார்கள் உள்ளூர் மொழிகளைக் கற்றுக்கொண்டு அதிலேயே பிரசங்கம் செய்தார்கள். அதனால் ஸ்பானிஷ் முழு மொழியாக மக்களிடம் இறங்காமல், வார்த்தை வார்த்தையாக இறங்கியது. 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கும் 'கொமோ எஸ்தா', தகலோகில் 'குமுஸ்தா' ஆனது. மேசைக்கு மெசா, ஜன்னலுக்கு பிந்தானா, ஷூவுக்கு சபாதோஸ், திங்கட்கிழமைக்கு லூனெஸ்.

மெசா, சபாதோஸ் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் 'மேசை'யும், இலங்கைத் தமிழர்கள் சொல்லும் 'சப்பாத்து'ம் போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போனவை. ஸ்பானிஷுக்குப் பக்கத்து வீடு போர்ச்சுகீசியம். ஒரே சரக்கு, வேறு வேறு கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது.

1849-ல் கவர்னர் கிளாவெரியா இன்னொரு வேலை செய்தார். வரி வசூலிக்கப் பெயர்ப் பதிவேடு சரியாக இல்லை என்று சொல்லி, பெரிய பட்டியல் ஒன்றை அனுப்பி, குடும்பங்களுக்குப் புதுக் குடும்பப் பெயர்களை ஒதுக்க உத்தரவிட்டார். பட்டியலில் பெரும்பாலானவை ஸ்பானிஷ் பெயர்கள். ஸ்பானிஷில் நாலு வாக்கியம் பேசத் தெரியாதவருக்கும் பெயர் மட்டும் ஸ்பானிஷில்! அந்த மொழியின் ஓசை அதிகாரத்தின் ஓசையாக, படிப்பின் ஓசையாக மனதில் பதிந்தது இப்படித்தான்.

தானாகக் கலந்த மொழியும் இருக்கிறது

இரண்டு மொழிகள் இயல்பாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் பிலிப்பைன்ஸிலேயே உதாரணம் உண்டு. தெற்கே சம்போவாங்கா நகரில் லட்சக்கணக்கானோர் பேசும் சாவகானோ மொழி. 1635-ல் ஸ்பானிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். வெவ்வேறு தீவுகளிலிருந்து வந்த சிப்பாய்களும் கூலியாட்களும் குடும்பங்களும் ஒன்றாகப் புழங்கிய இடம் அது.

அவர்கள் பேசிய கலவையில் வார்த்தைகள் பெரும்பாலும் ஸ்பானிஷ். வாக்கியம் கட்டும் முறை பிலிப்பைன்ஸ் பாணி. 'நான் சாப்பிட்டேன்' என்பதற்கு 'யா கோமே யோ'. வினை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். 'சாப்பிடுகிறேன்' என்றால் 'தா கோமே யோ'. ஸ்பானிஷில் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப வினைச்சொல் வால் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தலைவலி எதுவும் இங்கே இல்லை.

இதில் நமக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஸ்பானிஷில் இந்த வித்தியாசம் கிடையாது, இங்கிலீஷிலும் கிடையாது. ஆனால் சாவகானோவில் உண்டு! 'கிதா' என்றால் நாம், 'கமே' என்றால் நாங்கள். இரண்டும் பிலிப்பைன்ஸ் மொழிகளிலிருந்து வந்த சொற்கள். ஸ்பானிஷில் இல்லாததை விட்டுக்கொடுக்க மக்கள் தயாராக இல்லை.

சாவகானோவை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சந்தையிலும் அடுப்படியிலும் தானாகப் பிறந்தது. எஸ்காயன் அப்படி இல்லை. அதற்கு ஓர் ஆசிரியர் உண்டு.

உடம்பிலிருந்து பிறந்த மொழி

எஸ்காயா மக்களைக் கேட்டால், தங்கள் மொழியைப் படைத்தவர் பினாய் என்று சொல்வார்கள். அவர்தான் அவர்களின் ஆதி மூதாதை. கடவுள் அருளால், மனித உடம்பின் உறுப்புகளைப் பார்த்து அந்த மொழியையும் எழுத்தையும் உருவாக்கினார் என்பது நம்பிக்கை. பிறகு பல காலம் மறைந்திருந்த அந்த மொழியைத் திரும்பக் கண்டெடுத்துக் கொடுத்தவர் மரியானோ தாதஹான்.

தாதஹான் வரலாற்றில் வாழ்ந்த மனிதர். சுமார் 1875-ல் பிறந்து, 1949-ல் இறந்தார். இயற்பெயர் மரியானோ சுமாத்ரா. 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் பியாபாஸில் ஒரு புதிய சமூகத்தை உருவாக்கினார். தனி உடை, தனி எழுத்து, தனி மொழி, தனி பள்ளி, தனி இலக்கியம் என்று வாழ்ந்த சமூகம். ஐ.நா-வில் இடம் கேட்கவில்லை, கொடி பறக்கவிடவில்லை. ஆனாலும் ஒரு நாட்டுக்கு வேண்டிய மனப்பொருள் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே செய்துகொண்டார்கள்.

எழுத்து எத்தனை?

தமிழ் எழுத்து 247 என்று படிக்கும்போதே மூச்சு வாங்கும். எஸ்காயனில் 1,000-க்கும் மேல்! பயப்பட வேண்டாம். அடிப்படை எழுத்துகள் 46-தான். பெரும்பாலான ஒலிகளை அவற்றை வைத்தே எழுதிவிடலாம். மீதி எல்லாம் கூட்டு ஒலிகளுக்கான தனித்தனி வடிவங்கள். அவற்றில் சில எந்த வார்த்தையிலும் தேவைப்படாதவை என்பதுதான் வேடிக்கை.

ஸ்பானிஷ்காரர்கள் வருவதற்கு முன்பு பிலிப்பைன்ஸில் இருந்த பாய்பாயின் எழுத்துமுறையில் மொத்தமே 17 எழுத்துகள். அதோடு ஒப்பிட்டால் எஸ்காயன் ஒரு பிரம்மாண்டம். அந்தப் பழைய எழுத்தோடு இதற்கு உருவ ஒற்றுமையும் இல்லை. சுழித்துச் சுழித்து, கொம்பும் வளையமும் போட்டு எழுதும் இதன் வடிவங்கள், பழைய பத்திரங்களில் மைப்பேனாவால் எழுதப்பட்ட ஐரோப்பியக் கையெழுத்தை நினைவுபடுத்துகின்றன. சமூகம் அதில் கை, கால், காது, இதயம் என்று உடம்பைப் பார்க்கிறது.

பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும்?

ஆஸ்திரேலிய மொழியியலாளர் பியர்ஸ் கெல்லி இந்த மொழியைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். 2022-ல் 'பூமியின் கடைசி மொழி' என்ற பொருள்படும் தலைப்பில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் மூலம் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆய்வுகளிலிருந்து தெரியவரும் முக்கியமான விஷயம், எஸ்காயனின் இலக்கணம் அப்படியே விசயன் மொழியின் இலக்கணம். மாறியிருப்பது வார்த்தைகள் மட்டும்.

புரியும்படி சொல்கிறேன். 'வீட்டுக்குப் போறேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு என்பதை 'மிர்தோ' என்றும், போ என்பதை 'க்லென்' என்றும் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். 'மிர்தோவுக்கு க்லென்றேன்.' கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் 'உக்கு'ம் 'றேன்'னும் தமிழ். கட்டடம் நம்முடையது, செங்கல் மட்டும் புதுசு. எஸ்காயன் கிட்டத்தட்ட இப்படித்தான். நான் சொன்ன இரண்டு வார்த்தைகள் சும்மா இட்டுக்கட்டியவை. தாதஹான் காலத்தில் ஒரு மொழிக்கு வேண்டிய வார்த்தைகள் மொத்தத்தையும் இப்படிச் செய்திருக்கிறார்கள்!

அந்தச் செங்கல்லை எப்படி வார்த்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். ஸ்பானிஷ் வார்த்தைகளை அப்படியே எடுத்தது மிகக் குறைவு. ஸ்பானிஷின் ஓசையை எடுத்துக்கொண்டார்கள். 'இல்க்டோ'வில் பாருங்கள், மூன்று மெய்யொலிகள் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் 'வாழ்க்கை', 'பார்த்தான்' என்று ய, ர, ழ-வுக்குப் பின்னால் மட்டும்தான் அப்படி வரும். விசயனிலும் இந்த மாதிரிக் கூட்டங்கள் இயல்பாக வராது. வெளியூர்ச் சத்தம் கேட்க வேண்டும் என்றே சேர்த்திருக்கிறார்கள்.

நேரடியாக ஸ்பானிஷிலிருந்து எடுத்ததாகத் தோன்றும் வார்த்தைகளிலும் ஒரு குறும்பு இருக்கிறது. ஸ்பானிஷில் 'அஸ்ட்ரோ' என்றால் நட்சத்திரம், வானத்துப் பொருள். எஸ்காயனில் 'அஸ்ட்ரோ' என்றால் சூரியன். ஸ்பானிஷில் 'ட்ரெஸ்' என்றால் மூன்று. எஸ்காயனில் 'ட்ரே' என்றால் இரண்டு! பொருளை ஒரு படி தள்ளிவைத்து, கடன் வாங்கிய தடயத்தை அழித்துவிட்டார்கள்.

வயது காட்டிக்கொடுத்த வார்த்தைகள்

மொழி எவ்வளவு பழையது என்பதற்கும் வார்த்தைகளே சாட்சி சொல்கின்றன.

முதல் சாட்சி, நிலா. தமிழில் 'திங்கள்' என்றால் நிலவும் உண்டு, மாதமும் உண்டு. விசயனிலும் அப்படியே, 'புலான்' என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும். ஸ்பானிஷிலும் இங்கிலீஷிலும் நிலாவுக்கு ஒரு சொல், மாதத்துக்கு வேறு சொல். எஸ்காயனிலும் இரண்டு தனித்தனிச் சொற்கள்! விசயன் இலக்கணத்தில் நிற்கும் மொழிக்கு இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய மொழிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் செய்திருந்தால்தான் இது நடக்கும்.

இரண்டாவது சாட்சி, போப்பாண்டவர். பிலிப்பைன்ஸ் மொழிகளில் அவருக்கு ஸ்பானிஷிலிருந்து வந்த 'பாபா'தான் பெயர். எஸ்காயனில் அவருக்குச் சொந்தச் சொல் இருக்கிறது. மூன்றாவது சாட்சி, ஆகாய விமானம். அதற்கும் சொந்தச் சொல் உண்டு. ரைட் சகோதரர்கள் பறந்ததே 1903-ல்தான்.

ஆக, இது ஆதிகாலத்து மொழி இல்லை, 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், தாதஹான் காலத்தில் முழு வடிவம் பெற்ற மொழி என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் செய்யணும்?

பொஹோல் மலைகளுக்கு எதிர்ப்பு புதிதல்ல. 1744-ல் பிரான்சிஸ்கோ தகோஹோய் என்ற தலைவர் ஸ்பானிஷ்காரர்களுக்கு எதிராகக் கிளம்பினார். அந்தக் கலகம் 1829 வரை, 85 வருடங்கள் நீடித்தது. பிலிப்பைன்ஸ் வரலாற்றிலேயே நீண்ட கலகம் அதுதான்.

1898-ல் ஸ்பெயின் வெளியேறியது. சுதந்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது அமெரிக்கா வந்தது. 1900 மார்ச்சில் அமெரிக்கப் படை பொஹோலில் இறங்கியது. பெட்ரோ சாம்சன் தலைமையில் கொரில்லாப் போர் நடந்தது. பதிலுக்கு ஊர் ஊராகத் தீ வைத்தார்கள். 1901 டிசம்பரில் சரணடைதல். அடுத்த வருடம் நாடு முழுக்க காலரா.

அதே 1901-ல் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் பிலிப்பைன்ஸில் வந்து இறங்கினார்கள். பள்ளிகளில் இனி இங்கிலீஷ்! 1937-ல் தேசிய மொழிக்கு அடிப்படை தகலோக் என்று ஜனாதிபதி கெசோன் அறிவித்தார். விசயன் பேசுபவர்களுக்கு அதுவும் வேற்று ஊர் மொழிதான்.

இப்போது அந்த மக்களின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். தாத்தா காலத்தில் ஸ்பானிஷ் பெரிய மொழி, அப்பா காலத்தில் இங்கிலீஷ், பிள்ளைகள் காலத்தில் தகலோக். 'நாகரிக'மானவர்களுக்கு எழுத்து இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. 'உங்களுக்கு என்ன இருக்கு?' என்ற கேள்வி மட்டும் உங்களுக்கு.

தாதஹானின் பதில்தான் எஸ்காயன். எங்களுக்கும் எழுத்து இருக்கிறது, உங்களிடம் இருப்பதைவிடப் பெரியது. எங்களுக்கும் புத்தகம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. போப்பாண்டவருக்கும் விமானத்துக்கும்கூட உங்களிடம் வார்த்தை கடன் வாங்கத் தேவையில்லை. அந்த மூன்று மெய்யெழுத்துச் சத்தமும், பொருளைத் தள்ளிவைத்த குறும்பும் இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகின்றன. ஆண்டவர்களின் மொழி எப்படி ஒலித்ததோ, அந்த கம்பீரத்தைத் தங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

கண்டுபிடிப்பா, கட்டுக்கதையா?

1980 வாக்கில் விவசாய ஆலோசனைக்காக மலைப்பகுதிக்கு வந்த அரசு ஊழியர்கள் மூலம் இவர்களைப் பற்றி வெளியுலகம் பேச ஆரம்பித்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? இது ஹீப்ரு என்றார் ஒருவர், எட்ரஸ்கன் என்றார் இன்னொருவர். தொலைந்துபோன பழங்குடி என்று பத்திரிகைகள் எழுதின. எதிர்முகாமில், இதெல்லாம் மோசடி, ஏதோ ரகசிய வழிபாட்டுக் கூட்டம் என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள்.

சந்தேகத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1971-ல் மிண்டனாவோ தீவில் 'கற்கால மனிதர்கள்' கண்டுபிடிக்கப்பட்டதாகத் தஸதாய் மக்களை உலகமே கொண்டாடியது. 1986-ல் ஒரு சுவிஸ் பத்திரிகையாளர், அது ஜோடிக்கப்பட்ட நாடகம் என்று எழுதினார். பின்னாளில் மொழியியல் ஆய்வுகள், தஸதாய் கற்கால மனிதர்களும் அல்ல, வெறும் நடிகர்களும் அல்ல என்று நிதானமாகச் சொன்னாலும், 'பிலிப்பைன்ஸ் பழங்குடி' என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

எஸ்காயா மக்களுக்கு இது வெறும் பெயர்ப் பிரச்னை இல்லை, நிலப் பிரச்னை. 1996-ல் அவர்கள் வாழும் வனப்பகுதி மூதாதையர் நிலமாக அறிவிக்கப்பட்டது. 1997-ல் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் வந்தது. 'மொழியே போன நூற்றாண்டில் செய்தது என்றால், இவர்கள் எப்படிப் பழங்குடி?' என்று யாராவது கேட்டால்?

அந்தச் சட்டத்தை ஊன்றிப் படித்தால் பதில் இருக்கிறது. நினைவுக்கு எட்டாத காலம் முதல் ஒரே இடத்தில் வாழ்ந்தவர்களை மட்டும் அது சொல்லவில்லை. அந்நிய ஆட்சியின் அரசியல், சமூக, கலாசார ஊடுருவலை எதிர்த்து நின்று, அதன் மூலமாகவே பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டுப்போன சமூகங்களையும் அது பழங்குடிகளாக ஏற்கிறது. எஸ்காயன் மொழியைவிட அதற்குத் தெளிவான அத்தாட்சி வேறு என்ன வேண்டும்? அந்த மொழி பழையது என்று நிரூபித்தால்தான் அவர்களுக்கு உரிமை என்று இல்லை. எதற்காகச் செய்தார்கள் என்பதே அவர்கள் பக்கம் பேசுகிறது.

ஒரு பார்வையில் எஸ்காயன்

* பேசப்படும் இடம்: பிலிப்பைன்ஸ், பொஹோல் தீவின் தென்கிழக்கு மேட்டுப்பகுதி.
* தெரிந்தவர்கள்: சுமார் 500 பேர். தாய்மொழியாகப் பேசுபவர் யாரும் இல்லை.
* இலக்கணம்: விசயன். சொற்கள்: புதிதாகச் செய்தவை, ஸ்பானிஷ், இங்கிலீஷ் ஓசைச் சாயலுடன்.
* எழுத்துகள்: அடிப்படை 46, மொத்தம் 1,000-க்கும் மேல்.
* பயன்பாடு: பிரார்த்தனை, பாட்டு, முறையான உரை, பழங்கதைப் பிரதிகள்.
* கற்றுத்தருபவர்கள்: சமூகப் பள்ளிகளில் தன்னார்வலர்கள்.

எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

கையால் செய்த மொழிகளில் பெரும்பாலானவை, செய்தவரின் நோட்டுப்புத்தகத்தோடு முடிந்துபோகும். எஸ்காயன் முடியாததற்கு காரணம், அதற்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. குறைந்தது மூன்று கலாசாரப் பள்ளிகளில் தன்னார்வலர்கள் இதைச் சொல்லித்தருகிறார்கள். சம்பளத்துக்கான படிப்பு இல்லை, மார்க் கிடையாது. மாணவர்கள் எழுத்துகளைக் கற்று, தாதஹான் காலத்திலிருந்து வரும் கதைகளைப் படித்து, கையால் நகல் எடுக்கிறார்கள். ஒரு பிரதி பழசாகும்போது இன்னொரு பிரதி தயாராக இருக்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டில் சனி, ஞாயிறு வகுப்பு நடத்தும் பெற்றோருக்கு இந்த உழைப்பு நன்றாகவே புரியும். பேச்சு வீட்டிலேயே வந்துவிடும். எழுத்துக்கு யாராவது உட்கார்ந்து நேரம் கொடுக்க வேண்டும்.

பொஹோல் போகும் திட்டம் இருந்தால் ஒரு வேண்டுகோள். எஸ்காயா கிராமங்கள் கண்காட்சி அல்ல. உள்ளூர் வழிகாட்டி மூலம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளியையோ பழைய ஏடுகளையோ போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். 'இது நிஜ மொழியா, செய்த மொழியா' என்ற கேள்வியை மட்டும் அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்பதற்கு முன்னால், 'முழங்கால்' என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன என்று கேளுங்கள். 'இல்க்டோ' என்று சொல்லி, எழுதியும் காட்டுவார்கள்.